‘ஐரிஷ் டூர் 74’ கேட்டு கிடார் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்துக் கிடார் கலைஞர் ரோரி கேலஹரின் ‘ஐரிஷ் டூர் 74’ என்ற மேடைக் கச்சேரி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, “இதே மாதிரி வாசிக்கணும்” என்று என்னிடம் வருகிற மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆல்பம் அப்படிப்பட்டது. ஆனால் அதை வைத்துப் பழகும்போது எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நான் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடங்கள். சுருதி விலகுவது, தாளத்தை முந்துவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒலியைக் கடையில் தேடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ பாட்டைக் கேட்டதும் டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் பெட்டி) வாங்க ஓடுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு மொத்தத்தையும் மூன்று பெடல்களில் போட்டான். மூன்றுமே ‘ரோரி சவுண்ட்’ தரும் என்று சொல்லித்தான் கடையில் விற்றிருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் தேனீக்கூட்டம் இரைவது போல ஒரு சத்தம். தந்தியை மெல்லத் தொட்டாலும் அதுதான், ஓங்கி அடித்தாலும் அதுதான்.

அந்த நாட்களில் ரோரியிடம் இருந்தது 1961ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்டிராட்) கிடார், டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர், வாக்ஸ் ஏசி30 ஆம்ப் (ஒலிபெருக்கி). ரேஞ்ச்மாஸ்டர் டிஸ்டார்ஷன் பெடலே இல்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். கிடார் ஒலியின் ட்ரெபிள் (உயர் அதிர்வெண்) பகுதியைத் தூக்கி ஆம்புக்குள் தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. ஏற்கெனவே சத்தமாக வைத்திருக்கும் ஆம்பின் வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) அதைத் தாங்க முடியாமல் கரகரக்கின்றன. அதனால்தான் கிடாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தாலே ஒலி தெளிந்துவிடுகிறது, ஏற்றினால் மறுபடி கொதிக்கிறது. ஸ்டிராட்டில் அந்தக் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ரோரி வாசித்துக்கொண்டே அதைத் திருப்புவார். டோன் குமிழைத் திருப்பியே வா-வா பெடலின் ஒலியைக் கொண்டுவருவார். குயீன் குழுவின் பிரையன் மே இளைஞராக இருந்தபோது ரோரியிடமே நேரில் கேட்டுத்தான் இந்த பூஸ்டர், வாக்ஸ் ஜோடிக்கு வந்தார்.

அந்தப் பையனிடம் மூன்று பெடல்களையும் கழற்றச் சொன்னேன். கிடாரிலிருந்து நேராக ஒரு சின்ன வால்வு ஆம்ப். அது கரகரக்கத் தொடங்கும்வரை ஏற்றிவைத்து, கிடாரின் குமிழை நான்குக்கும் பத்துக்கும் நடுவில் நகர்த்தி வாசிக்கச் சொன்னேன். தப்பான ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று கேட்டதால் முதலில் மிரண்டுபோனான். ஆனால் அவன் கை எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதை அன்றுதான் அவன் காது கேட்டது. பெடல்களை விற்கப் போனால் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. அவனுடைய உழைப்பு அது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

வீட்டில் சத்தமாக வைக்க முடியாது என்றால் ஒரு வாட், ஐந்து வாட் வால்வு ஆம்ப் போதும். பூஸ்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? சரி, கிடாரை அடுத்து முதல் ஆளாக அதையே மாட்டுங்கள். பஃபர் (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சர்க்யூட்) உள்ள டியூனரை, அதாவது சுருதி பார்க்கும் கருவியை, அதற்கு முன்னால் மாட்டினால் ஒலி காதைக் குத்தும், குமிழைக் குறைத்தாலும் சரியாகத் தெளியாது.

தேய்ந்த கிடாராகப் பார்த்து வாங்குவது

வேண்டாம். ரோரியின் கிடார் தேய்ந்து தெரிவதற்குக் காரணம், அதன் பெயின்ட் அவர் வியர்வையில் உரிந்தது.

கிடாரை மட்டும் கேட்பது

தனியாகக் கவனித்தால் ரோரியின் கிடார் ஒலி மெலிதானது, கூர்மையானது. நமக்குக் கேட்கும் அந்தக் கனத்தில் பெரும்பங்கு ஜெர்ரி மெக்அவாயின் பேஸும் லூ மார்ட்டினின் கீபோர்டும் தருவது. அறையில் தனியாக வாசிக்கிறவர் அதே கனத்தைத் தன் கிடாரிலிருந்தே எடுக்கப் பார்த்து, ஆம்பின் பேஸ் குமிழையும் கெயின் (கரகரப்பின் அளவு) குமிழையும் ஏற்றிக்கொண்டே போகிறார். அப்புறம் ஒரு குழுவோடு வாசிக்கும்போது அவருடைய கிடார் எங்கே போனதென்றே தெரிவதில்லை. ‘டாட்டூட் லேடி’யை ஒருமுறை பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த முறை ராட் டிஆத்தின் டிரம்ஸ். கிடார் சோலோவை அதற்கெல்லாம் அப்புறம் கேளுங்கள்.

ஒரே இரவின் பதிவு என்று நினைப்பது

பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹால், டப்ளினின் கார்ல்டன் சினிமா, கார்க் நகர மண்டபம் என்று 1973-74 குளிர்காலத்தில் வெவ்வேறு இடங்களில் பதிவு செய்ததைத் தொகுத்த ஆல்பம் இது. ‘பேக் ஆன் மை ஸ்டாம்பின் கிரவுண்ட்’ மேடைப் பதிவுகூட இல்லை, கச்சேரிக்கு வெளியே கூடி வாசித்தது. ஆகவே ஆல்பம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே செட்டிங்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் பதிவில் உள்ள கூட்டத்தின் சத்தத்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். வட அயர்லாந்தின் மோதல்களால் பெல்ஃபாஸ்டில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. வெளியூர்க் குழுக்கள் பலவும் அங்கே போகத் தயங்கின. ரோரி விடாமல் போனார். கூட்டம் தந்த அந்த வரவேற்பின் சூட்டில்தான் அவர் பல இடங்களில் பாட்டை நீட்டிக்கொண்டே போகிறார்.

‘ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்’ பாட்டைத் தாண்டிவிடுவது

டோனி ஜோ வைட் எழுதிய பாட்டு. குழு இல்லை, ரெசனேட்டர் கிடாரும் (உலோகக் கூம்பு வழியாக ஒலிக்கும் கிடார்) ஹார்மோனிகாவும்தான். வலது கையைப் பழக்க இந்த ஆல்பத்தில் இதைவிட நல்ல பாட்டு இல்லை. முதல் மாதம் இதிலிருந்தே தொடங்குங்கள்.