நரம்புக் குழாய்கள்: எங்கே சறுக்குகிறோம்?

அறுந்த நரம்பின் இரு முனைகளையும் ஒரு குழாய்க்குள் நுழைத்துத் தைத்தால் நரம்பு தானே சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கைகால் நரம்புகளில், இடைவெளி சிறியதாக இருந்தால், பெரும்பாலும் சரிதான். குழாய்க்குள் முதலில் திரவம் நிரம்பும். சில நாட்களில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) இழை ஒன்று முனைகளை இணைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, நரம்பிழைகளைச் சுற்றி உறையிட்டுத் தாங்கும் ஷ்வான் செல்கள் நகரும், கூடவே செய்தி கடத்தும் மெல்லிய நரம்பிழைகளும் முன்னேறும். இடைவெளி நீண்டால் அந்த ஃபைப்ரின் இழை நடுவில் மெலிந்து அறுந்துபோகும். வெற்றுக் குழாய்க்கு மனிதரில் சுமார் 3 செ.மீ.தான் எல்லை என்பது இதனால்தான். அதைத் தாண்டினால் நோயாளியின் காலிலிருந்தே எடுத்த உணர்வு நரம்பை ஒட்டுவதுதான் இன்றும் முதல் தேர்வு. அதற்காகக் குழாயே வேண்டாமென்று முனைகளை இழுத்துப் பிடித்துத் தைப்பதும் தவறு. இழுவிசையில் நரம்பின் ரத்த ஓட்டம் குறையும்.

எலியில் கிடைத்த வெற்றியை அப்படியே மனிதருக்குச் சொல்வது அடுத்த சறுக்கல். எலியின் தொடை வழியே இறங்கும் சியாட்டிக் நரம்பில் 1 செ.மீ. இடைவெளி, கிட்டத்தட்ட எந்தக் குழாயை வைத்தாலும் நிரம்பிவிடும். மனிதரில் நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளர்கிறது. முழங்கையிலிருந்து உள்ளங்கைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வருடம். ஒன்று, ஒன்றரை வருடத்துக்குமேல் நரம்பில்லாமல் கிடந்த தசை பழையபடி மீள்வது கடினம். அதனால் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, குழாய் எவ்வளவு நல்லதானாலும், நஷ்டத்தில்தான் முடியும்.

குழாய் எதனால் ஆனது என்பதற்கு வருவோம். ஆரம்பகாலச் சிலிகான் குழாய்கள் கரையாதவை. நரம்பு வளர்ந்த பிறகும் அங்கேயே கிடந்து அதை நெருக்கியதால் சிலருக்கு மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. கரையும் பொருள் என்றாலும் நிம்மதியில்லை. வேகமாகக் கரைந்தால் நரம்பு கடக்குமுன் சுவர் சரியும். பாலிலாக்டிக் வகைகள் (லாக்டிக் அமிலத்தால் ஆன கரையும் பிளாஸ்டிக்) கரையும்போது அமிலமும் வெளிவரும். இன்னொன்று, உள்விட்டத்தைக் காய்ந்த நிலையில் அளந்துவிட்டுப் போய்விடுவது. சில பொருட்கள் உடல் திரவத்தில் உப்பி உள்பக்கமாகவும் தடிக்கும், பாதை குறுகும். ஊறவைத்த பிறகும் அளக்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நரம்பு வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளைக் குழாய்க்குள் வாரி இறைப்பதும் ஆபத்துதான். ஓரிடத்தில் மட்டும் செறிவு அதிகமானால் நரம்பிழைகள், மிட்டாய்க் கடைக்குள் புகுந்த குழந்தைகள் மாதிரி, அங்கேயே சுற்றிக் கிளைத்து நின்றுவிடும். தசை வரை போகாது. அளவைவிட, எங்கே எப்போது வெளிவிடுகிறது என்பதே முக்கியம்.

தண்டுவடத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே ஷ்வான் செல்களுக்குப் பதில் வேறு செல்கள்; வடுவும், நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறையின் புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

அப்புறம், நுண்ணோக்கியில் நரம்பிழைகளை எண்ணிவிட்டு 'குணமாகிவிட்டது' என்று எழுதிவிடுவது. தசைக்குப் போகவேண்டிய இழை தோலுக்குப் போயிருந்தாலும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். விரல் மடங்குகிறதா, தொட்டால் எந்த இடம் என்று தெரிகிறதா என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.