சரளை வளைவில் கார் நேராகவே ஓடுகிறதா?

டர்ட் ராலி 2.0 என்ற கார்ப்பந்தய வீடியோ கேமில் மினி கூப்பர் எஸ், லான்சியா ஃபுல்வியா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களை ஓட்டும்போது, வளைவுக்குள் நுழையும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை விடாமலே பிரேக்கை லேசாகத் தொடுங்கள். ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பதைவிட இதுதான் வேலை செய்யும்.

பிரேக் தொட்டதும் எடை முன்பக்கம் சாய்ந்து முன்டயர்கள் நன்றாகப் பிடிக்கின்றன. ஆக்சிலரேட்டர் முன்சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. எடை குறைந்த பின்பக்கம் வெளியே வழுக்க, மூக்கு உள்ளே திரும்பிவிடும். 2004-இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி கேமிலும் இதே இயற்பியல்தான். இரண்டையும் நான் மெச்சுவது இதற்காகவே. கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், இரண்டு விரலும் எப்போதும் தயாராக இருக்குமே!

எஸ்கார்ட் எம்கே 2 போன்ற பின்சக்கர இழுவைக் கார்களில் இது உதவாது. அங்கே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டு, கார் திரும்பியதும் மறுபடி மிதிக்க வேண்டும். கேமில் வரும் ஸ்பெயினின் தார்ச்சாலையிலும் வேண்டாம். அங்கே வழுக்கினால் நேரம்தான் வீணாகும். மிகக் குறுகிய கொண்டை ஊசி வளைவுக்கு ஹேண்ட்பிரேக்தான் சரி.