கையை எடுக்கச் சொன்னது மூளை இல்லை

தோசைக்கல்லில் விரல் பட்டதும் மூளை ‘சுடுகிறது’ என்று தெரிந்துகொண்டு, ‘கையை எடு’ என்று உத்தரவு போட்டு, அதற்கு அப்புறம் கை விலகுகிறது என்றுதான் பலரும் விளக்குகிறார்கள். நடப்பது வேறு. தோலிலிருந்து கிளம்பும் சேதி முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்கு வந்ததுமே அங்கிருந்து இயக்க நியூரானுக்கு, அதாவது தசையை இயக்கும் நரம்புச் செல்லுக்குக் கைமாறி, தசை சுருங்கி, கை வெளியே வந்துவிடும். மூளைக்கு விஷயம் போய்ச் சேர்ந்து நாம் ‘ஸ்ஸ்’ என்று உதறுவதெல்லாம் அப்புறம்தான்.

இதைப் படித்துவிட்டு, இப்படி யோசிக்காமல் தானாக நடக்கும் அனிச்சைச் செயலில் மூளைக்கு வேலையே கிடையாது என்று சாதிப்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு. கொதிக்கிற சாம்பாரை இறக்கும்போது பிடிதுணி நழுவுகிறது, காலடியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு மேடை வரை கொண்டுபோய் வைப்போம் இல்லையா? அப்போது தண்டுவடத்தின் அவசரத்தை மேலே இருந்து அடக்கிப் பிடிப்பது மூளைதான்.

நரம்பில் சேதி கம்பியில் கரண்ட் போகிற வேகத்தில் போகும் என்றும் எழுதாதீர்கள். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் அளந்தபோது நொடிக்கு 30 மீட்டரை ஒட்டித்தான் வந்தது. நம் உடம்பில் மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகளில் 100 மீட்டரைத் தொடும். உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் சுமார் 1 மீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகம்கூட இல்லை. இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: இடித்தது உடனே தெரியும், சுரீர் என்னும், ‘ஐயோ, வரப்போகுது’ என்று விரலைப் பிடித்துக்கொண்டு குனிவதற்குள் அந்த விண்விண் வலி மெதுவாக வந்து சேரும்.

தூண்டல் பலமாக இருந்தால் நரம்பில் ஓடும் மின்துடிப்பும் பெரிதாகும் என்பது இன்னொரு தவறு. காலிங் பெல்லை எவ்வளவு ஓங்கி அமுக்கினாலும் சத்தம் ஒன்றுதான், அவசரக்காரர் திரும்பத் திரும்ப அமுக்குவார். நியூரானும் அப்படித்தான், துடிப்பின் அளவு மாறாது, நொடிக்கு எத்தனை என்பதுதான் கூடும். கூடவே பக்கத்து நியூரான்களும் சேர்ந்துகொள்ளும்.

படம் போடுகிறவர்களுக்கு ஒன்று: முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுமே, அந்த உதறலில் காலை நீட்டும் பாதைக்கு இரண்டே நியூரான்தான், நடுவில் சேதியைக் கைமாற்றும் இடைநியூரானைச் செருகாதீர்கள். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதைத் தண்டுவடத்தில் சேர்க்காதீர்கள், அது மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டோடு முடிகிறது.

கடைசியாக, ஸ்கேல் விளையாட்டு. ஒருவர் ஸ்கேலை நழுவவிட இன்னொருவர் பிடிப்பதை ‘ரிஃப்ளெக்ஸ் டெஸ்ட்’ என்கிறார்கள். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் மூடுகிற வேலைக்கு அனிச்சை என்று பெயர் வைக்க முடியாது. 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.2 நொடி, முழங்கால் உதற அதில் பாதிகூட ஆகாது. போன வாரம் நான் 22-ல் பிடித்தேன், பத்தாவது படிக்கிற அக்கா பையன் 15-ல் பிடித்துவிட்டு, “மாமா, உங்க ரிஃப்ளெக்ஸ் போச்சு” என்றான். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினேன். நன்றாகவே உதறியது.