பள்ளிச் சாலைக்குத் தனி சைக்கிள் தடம் கேட்டு வாங்குவது எப்படி

முதல் வேலை, சாலை யாருடையது என்று கண்டுபிடிப்பது. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மற்றவை மாவட்டச் சாலையாகவோ ஊராட்சி ஒன்றியச் சாலையாகவோ இருக்கும். டெல்டாவில் இன்னொரு சிக்கல் உண்டு. புது ஆறு (கல்லணைக் கால்வாய்), வெண்ணாறு போன்றவற்றின் கரைமேல் போகும் சாலைக்குத் தார் போடுவது ஒரு துறை, கரை நீர்வளத் துறையுடையது. அங்கே மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. ‘பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள்’ என்ற வரியை வைத்துப் பொறியாளர் மதிப்பீடு போட முடியாது. செவ்வாய், புதன், வியாழன் என மூன்று நாள், காலை 8 முதல் 9.30, மாலை 4 முதல் 5.30 வரை எண்ணுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு வரி. திசைக்கு இரண்டு பேர். பள்ளி சைக்கிள், மற்ற சைக்கிள், இருசக்கர வாகனம், கார், பேருந்து, லாரி, டிராக்டர் எல்லாம் தனித்தனிக் கட்டம். தேர்வு நாள் வேண்டாம். சம்பா அறுவடையில், தை மாசியில், இன்னொரு முறை எண்ணுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்ற வரும் லாரிகள் அப்போதுதான் கணக்கில் விழும்.

பிறகு 30 மீட்டர் டேப். 50 மீட்டருக்கு ஒருமுறை தார் அகலம், இருபுறமும் மண் பகுதி, மின்கம்பம், மரம், சிறுபாலத்தின் அகலம் எல்லாவற்றையும் குறியுங்கள். சர்வே வரைபடத்தில் உள்ள சாலைப் புறம்போக்கு அகலத்தையும் பக்கத்திலேயே எழுதினால், ஆக்கிரமிப்பு எங்கே என்று தானாகத் தெரியும். தடத்துக்கு 2 மீட்டர், தடுப்புக்கு அரை மீட்டர் கேளுங்கள். 2 மீட்டருக்குக் குறைந்தால் இரண்டு சைக்கிள் சேர்ந்து போக முடியாது; பிள்ளைகள் தாருக்கே திரும்புவார்கள், ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று அதிகாரிகள் கோப்பை மூடிவிடுவார்கள். சிறுபாலத்தை மறக்காதீர்கள். லாரி நெருக்குகிற அந்த இடத்தில்தான் தடம் முடிந்துபோகும். பாலத்தை அகலப்படுத்துவதையும் மனுவில் தனி வரியாகக் கேளுங்கள்.

வெள்ளைக்கோடு போதும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடு எந்த வண்டியையும் தடுக்காது. வேன் அதன்மேலேயே நிற்கும், அறுவடையில் நெல் காயும். 15 சென்டிமீட்டர் உயரக் கான்கிரீட் தடுப்பு வேண்டும், இடையிடையே நீர் வடிய இடைவெளியோடு. இடைவெளி இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தடமே வாய்க்காலாகும். தடத்தின் வாயிலில் நடும் கட்டை, காரையும் ஆட்டோவையும் நிறுத்தும். மோட்டார் சைக்கிளை நிறுத்தாது. அதற்குக் காவல் துறைதான் வர வேண்டும் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். நெல் காய வைப்பவர் எதிரி அல்ல, அவருக்குக் களம் இல்லை. தடம் கேட்டுக் கிராம சபையில் போடும் தீர்மானத்திலேயே உலர்களமும் கேட்டால் விவசாயிகள் உங்களோடு நிற்பார்கள்.

தீர்மானம் கிராம சபையில் வர வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துப் பொருள் பட்டியலில் ஏற்றுங்கள். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. புறநகர் ஊராட்சியில் ஆள் திரட்டுவதே பெரிய வேலை. பதிவேட்டில் எழுதியதை அங்கேயே படித்துப் பார்த்து, நகல் வாங்குங்கள்.

அந்த நகல், எண்ணிக்கைத் தாள், அளவுத் தாள் மூன்றையும் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவரே. ரசீது எண் முக்கியம். நகர்வு இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். சாலையை அகலப்படுத்த மதிப்பீடு தயாராகும் சமயமே மிக நல்ல சமயம். தடத்துக்கென்று தனியாக நிதி கேட்டால் கிடப்பில் போகும்.

வேலை தொடங்கியதும் டேப்போடு போய் நில்லுங்கள். வரைபடத்தில் 2 மீட்டர் இருந்த தடம், மின்கம்பம் மாறாத இடங்களில் ஒன்றரையாகச் சுருங்குவது அப்போதுதான்.