50 ஜிபி போதுமா? சொந்தத் தளத்தில் வீடியோ போடுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

புதிதாகத் தளம் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "50 ஜிபி இடம் தருகிறார்கள். என்னிடம் இருப்பதே இருபது வீடியோதான். தாராளமாகப் போதும், இல்லையா?"

இதே கேள்வியை இதே நிம்மதியோடு நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அவருக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளிச்சம் வேண்டும், கை ஆடக்கூடாது, சத்தம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

## இடத்தைப் பார்த்து ஹோஸ்டிங் வாங்குவது

என் பொழுதுபோக்கு பழைய மை பேனாக்களைப் பழுது பார்ப்பது. கீறுகிற நிப்பைச் சரிசெய்வது எப்படி என்று ஆறு நிமிட வீடியோ ஒன்று எடுத்தேன். நிப்பின் இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கும் காட்சிதான் அதில் முக்கியம். ஒரு பல் முடியளவு இறங்கியிருந்தாலும் தாளில் கீறும். அந்த முடியளவு திரையில் தெரிய வேண்டுமே என்று தரத்தில் கைவைக்காமல், போன் கொடுத்த கோப்பை அப்படியே ஏற்றினேன். 765 எம்பி. 'வரம்பில்லாத இடம், வரம்பில்லாத பேண்ட்விட்த்' என்று, தளத்தை வைத்திருக்க சர்வர் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் எழுதியிருந்தது. பேண்ட்விட்த் என்றால் பார்ப்பவர்களுக்கு வெளியே அனுப்பும் தரவின் அளவு. நம்பினேன்.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் பேனாப் பைத்தியங்கள் கூடும் குழு ஒன்றில் யாரோ இணைப்பைப் பகிர்ந்துவிட்டார்கள். பார்வையாளர் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாகத் தூங்கினேன். காலையில் தளம் இருந்த இடத்தில் 'இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வெள்ளைப் பக்கம். சரி, ஏன் என்று மின்னஞ்சலில் பார்க்கலாம் என்றால், என் மின்னஞ்சலும் அதே கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திய காரணத்தைச் சொல்லும் கடிதத்தை, நிறுத்தப்பட்ட பெட்டிக்கே அனுப்பியிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து எல்லாம் திரும்ப வந்தது. அப்போதுதான் விதிமுறைகளை முழுதாக வாசித்தேன். 'நியாயமான பயன்பாடு' என்ற தலைப்பின் கீழே, வீடியோ, ஆடியோ கோப்புகளை விநியோகிக்கும் கிடங்காக இந்தக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. 'வரம்பில்லாத' என்ற சொல் முகப்பில் பெரிதாக, அதன் வரம்பு பதினேழாவது பத்தியில் பொடியாக. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொல்லை எந்த விளம்பரத்தில் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. ஆனால் அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. நான் கணக்கே போடவில்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. வீடியோவின் பிட்ரேட் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் ஓடுகிறது என்பது. அதை எட்டால் வகுத்தால் மெகாபைட். என் கோப்பு விநாடிக்கு 17 மெகாபிட். அதாவது விநாடிக்கு இரண்டு எம்பிக்குக் கொஞ்சம் மேலே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 127 எம்பி. ஆறு நிமிடத்துக்கு 765. இதுவரை சேமிக்கும் கணக்கு. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால்? 765 ஜிபி. சர்வரில் ஒரு ஜிபி கூடப் பிடிக்காத கோப்பு, வெளியே போகும்போது முக்கால் டெராபைட் ஆகிவிடுகிறது.

புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். எழுத்தும் படமும் மட்டும் உள்ள தளத்தில் இடம், பேண்ட்விட்த் இரண்டும் பிரச்சினையே இல்லை என்பதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிடுகிறோம். வீடியோ வந்ததும் இரண்டும் பிரிந்து போகின்றன. வைத்திருப்பது மலிவு. அனுப்புவதற்குத்தான் காசு. அதனால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் 'எவ்வளவு இடம்' என்று கேட்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை ஜிபி வெளியே போகலாம், தாண்டினால் நிறுத்துவீர்களா, பில் போடுவீர்களா என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

பில் போடுவார்கள் என்றால் அதில் வேறு வகைச் சிக்கல். அடிபட்ட கோபத்தில் நான் அடுத்துப் போனது, பயன்படுத்திய அளவுக்குக் காசு வாங்கும் கிளவுட் சேமிப்பகத்துக்கு. அங்கே யாரும் கணக்கை நிறுத்துவதில்லை, மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். செலவு இவ்வளவைத் தொட்டால் எச்சரிக்கை அனுப்பு என்று வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எச்சரிக்கை என்பது எச்சரிக்கை மட்டும்தான். பல இடங்களில் அது செலவை நிறுத்தாது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் கடிதமும் தூங்கும். இப்போது வெளியே அனுப்புவதற்குக் கட்டணமே வாங்காத சேமிப்பகங்களும் வந்துவிட்டன, கிளவுட்ஃபிளேரின் ஆர்2 அதில் ஒன்று. சொந்தமாகத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அந்தப் பக்கமிருந்து தேட ஆரம்பிக்கலாம். தளம் ஒரு கணக்கில், வீடியோ வேறொரு கணக்கில், மின்னஞ்சல் மூன்றாவது கணக்கில் இருக்கட்டும். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

இன்னொன்றும் பாக்கி. அந்த 765 ஜிபி கணக்கு, பார்த்தவர்களை வைத்துப் போட்டது. பார்க்காதவர்களும் இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் வீடியோவைப் பொருத்தும் எச்டிஎம்எல் வீடியோ டேகில், பிளே அழுத்தும் முன்பே எவ்வளவு இறக்கலாம் என்று சொல்லும் 'பிரீலோட்' என்று ஒரு பண்பு உண்டு. நான் அதில் 'ஆட்டோ' என்று போட்டிருந்தேன், சீக்கிரம் ஓடட்டுமே என்று. பக்கத்தைத் திறந்துவிட்டு, பிளே பொத்தானைத் தொடாமல், கீழே இருந்த குறிப்பை மட்டும் படித்துவிட்டுப் போனவர்களுக்கும் வீடியோ இறங்கிக்கொண்டிருந்தது. 'நன்' அல்லது 'மெட்டாடேட்டா' என்று வையுங்கள். உலாவிக்கு அது வெறும் பரிந்துரைதான், கட்டளை இல்லை. ஆனாலும் பெரும்பாலும் கேட்கும். 'நன்' போட்டால் முகப்புப் படத்தை 'போஸ்டர்' பண்பில் நீங்களே கொடுங்கள், இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

## கேமரா கோப்பை அப்படியே ஏற்றுவது

மேலே சொன்ன கதையின் மறுபாதி இது. அதே ஆறு நிமிடத்தை 720பி அளவில், விநாடிக்கு 2 மெகாபிட்டாக மாற்றினால் 90 எம்பி. ஆயிரம் பேருக்கு 90 ஜிபி. நிப்பின் பல் தெரிந்ததா என்றால், தெரிந்தது. நெருக்கக் காட்சிக்குத் தேவை லென்ஸும் வெளிச்சமும்தான், பிட்ரேட் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வீடியோக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இதற்குப் போதும். இலவசம். கட்டளை வரி பயமாக இருந்தால், பொத்தான்களை அழுத்தியே வேலை முடிக்க ஹேண்ட்பிரேக். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில், தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் என்றொரு எண் இருக்கும். எண் கூடக் கூடக் கோப்பு சுருங்கும், தரம் இறங்கும். 23 இயல்பாக வருவது. 20இல் ஆரம்பித்து, கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்வரை ஏற்றிப் பாருங்கள். பேசும் முகம் 26இலும் நன்றாகவே இருக்கும். இலைகள் அசையும் மரம் 23இலேயே குழையத் தொடங்கும்.

போனில் இருந்து வரும் கோப்பு பெரும்பாலும் எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் இருக்கிறது. ஐபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தப் பக்கம் போய்விட்டன. உங்கள் போனில் அழகாக ஓடும், வேறொருவர் கணினியில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கும். அதனால் இப்படி மாற்றுங்கள்: எச்.264 படம், ஏஏசி ஒலி, இரண்டையும் சேர்த்து வைக்க எம்பி4 உறை. பழமைதான், ஆனால் எங்கேயும் ஓடும்.

மாற்றும்போது ஃபாஸ்ட்ஸ்டார்ட் தேர்வை மறக்காதீர்கள். எம்பி4 கோப்புக்குள் 'மூவ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த ஃபிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அது. மொத்தத்தையும் எழுதி முடித்த பிறகுதான் அட்டவணை தயாராகும் என்பதால், மென்பொருள் அதைக் கடைசியில் ஒட்டிவிடுகிறது. புத்தகத்தின் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருப்பது மாதிரி. உலாவி முதலில் கோப்பின் வாலைத் தேடிப் போக வேண்டும். சர்வர் ஒத்துழைக்காவிட்டால் முழுக் கோப்பும் இறங்கும்வரை சக்கரம் சுற்றும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் அதை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. தரத்தில் ஒரு துளி மாற்றமில்லை, சில விநாடி வேலை. 'என் சர்வர் ரொம்ப மெதுவு' என்று என்னிடம் அழுதவர்களில் பாதிப் பேருக்கு இது மட்டும்தான் நோய்.

## தானாக ஓடும் முகப்பு வீடியோ

வேண்டாம்.

## யூடியூபைக் கண்டாலே ஓடுவது

என் கதையைப் படித்துவிட்டு 'அப்படியென்றால் யூடியூப்தானே' என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். ஒரே வீடியோவைப் பல தரங்களில் அரைத்து, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிக் கொடுக்கும் வேலையை இலவசமாகச் செய்கிறார்கள். தன்மானத்துக்காக அதை விட்டுவிட்டு வந்து என்னை மாதிரி வெள்ளைப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இலவசத்துக்கு என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். உங்கள் சேனல் அவர்களின் பங்காளித் திட்டத்தில் இல்லாவிட்டாலும் விளம்பரம் போடும் உரிமையை 2020 நவம்பரில் விதிமுறையில் சேர்த்துக்கொண்டார்கள். வீடியோ முடிந்ததும் வரும் பரிந்துரைகளை அணைக்க 'ரெல்' பூஜ்யம் என்று முகவரியில் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2018 முதல் அது பரிந்துரையை அணைப்பதில்லை, உங்கள் சேனலின் மற்ற வீடியோக்களைக் காட்டுவதோடு சரி.

யூடியூப் வீடியோவை உங்கள் பக்கத்திலேயே பொருத்தும் எம்பெட் கட்டமும் லேசானதில்லை. ஒரே பக்கத்தில் எட்டு வீடியோ எம்பெட் செய்தால், யாரும் எதையும் தொடாமலே எட்டு பிளேயர்கள் ஏறும். ஒரு படத்தை மட்டும் காட்டி, தொட்ட பிறகு பிளேயரை ஏற்றுங்கள். 'லைட் யூடியூப் எம்பெட்' என்று தயாராகவே ஒரு திறமூல நிரல் இருக்கிறது.

## ஏற்றியாயிற்று என்று மூலக் கோப்பை அழிப்பது

கூகுள் வீடியோ என்று ஒரு சேவை இருந்தது, 2012இல் மூடினார்கள். வைன் என்ற குறு வீடியோ சேவை 2017இல் போனது. யூடியூப் நாளையே மூடாது, சரி. ஆனால் யூடியூப் ஸ்டுடியோவில் இருந்து உங்கள் வீடியோவை நீங்களே திரும்ப இறக்கினால் கிடைப்பது 720பி அல்லது 360பி. 4கேயில் ஏற்றியிருந்தாலும்தான். ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வையுங்கள். இரண்டில் போட்டால் இன்னும் நல்லது.

## 'அன்லிஸ்டட்' என்பதைப் பூட்டு என்று நினைப்பது

வீடியோவைத் தேடலில் காட்டாமல் வைக்கும் யூடியூப் தேர்வு அது. பூட்டு இல்லை. இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம். காசு வாங்கி நடத்தும் வகுப்பின் வீடியோக்களை அப்படி வைத்திருந்த ஒருவரின் முழுப் பாடத்திட்டமும் யாரோ இணைப்புகளை ஒட்டி அனுப்பிய ஒரே ஒரு செய்தியில் வெளியே போய்விட்டது.

## கிட்டில் வீடியோவைச் சேர்ப்பது

கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி, கிட்ஹப் அதற்கான தளம். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அதற்குக் குறைந்ததை ஏற்கும், அது இன்னும் மோசம். பிறகு அழித்தாலும் வரலாற்றில் உட்கார்ந்திருக்கும்.

## ஐந்து நிமிட வீடியோவுக்கு எச்எல்எஸ் கட்டுவது

வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, பல தரங்களில் வைத்து, வேகத்துக்கு ஏற்ப அனுப்பும் முறை இது. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்தது. நல்ல முறைதான். ஒரு மணி நேர உரைகள், ஓடும் வண்டியில் போனில் பார்ப்பவர்கள் என்றால் அவசியமும்கூட. ஆனால் மாதம் இருநூறு பேர் பார்க்கும் சின்ன வீடியோவுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து இதைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் கட்டினேன். கட்டி முடித்தபோது புதிதாக வீடியோ எடுக்கும் ஆசை போய்விட்டிருந்தது.

## சொந்த வைஃபையில் மட்டும் சோதிப்பது

ஏற்றிய கையோடு உங்கள் கணினியில் பார்த்தால் எல்லாம் ஓடும். ஒரு முறை பார்த்ததும் கோப்பு உலாவியின் தற்காலிகச் சேமிப்பான கேஷில் இருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, வேறொருவரின் பழைய போனை வாங்கி, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். முதல் படம் வர எத்தனை விநாடி ஆகிறது? நடுவில் இழுத்து விட்டால் அங்கிருந்து ஓடுகிறதா, மறுபடி ஆரம்பத்துக்கே போகிறதா? இழுத்தால் நகரவில்லை என்றால், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கையை உங்கள் சர்வர் மதிக்கவில்லை என்று பொருள். சஃபாரியில் அப்படிப்பட்ட வீடியோ ஓடவே ஓடாமலும் போகலாம்.

50 ஜிபி நண்பரிடம் அவருடைய கோப்புகளில் ஒன்றை அனுப்பச் சொன்னேன். நான்கு நிமிடம், 510 எம்பி. அப்படியே 17 மெகாபிட். சுருக்கியதும் 58 ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு எது எது என்று கேட்டேன், தப்பாகச் சொன்னார். அப்புறம் யூடியூபில் போட்டுவிட்டார்.

"மூலத்தை அழித்துவிடவில்லையே?" என்று கேட்டேன். பதில் வர கொஞ்சம் நேரமானது.