நினைவுகளைச் சுவரில் மாட்டும் முன்: தனிக் கண்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த நினைவுகளையும் கற்பனையையும் கருப்பொருளாக வைத்துத் தனிக் கண்காட்சி நடத்துபவர்கள் அதிகம் சறுக்குவது வரைவதில் அல்ல, தேர்ந்தெடுப்பதில். எல்லாப் படமும் மனதுக்கு நெருக்கமானது என்பதால் ஒன்றையும் விட மனசு வராது. இருபது படம் தாங்கும் அறையில் நாற்பது ஏறிவிடும்.

பார்க்க வருபவருக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. 'இது நிஜமாகவே நடந்தது' என்பது உங்களைத்தான் உலுக்கும். அவரை நிறுத்தி வைக்கப் படத்துக்குள்ளேயே ஏதாவது இருக்க வேண்டும். ஓவியர் மார்க் சாகல் 1911-இல் பாரிஸில் இருந்துகொண்டு, தான் வளர்ந்த வீதெப்ஸ்க் ஊரை நினைத்து 'நானும் கிராமமும்' ஓவியத்தை வரைந்தார். பச்சை முகத்தோடு ஒரு மனிதன், அவனுக்கு எதிரே ஒரு விலங்கின் முகம், அதன் கன்னத்துக்குள் உட்கார்ந்து பால் கறக்கும் ஒரு பெண். பின்னால் இரண்டு வீடுகள் தலைகீழாக நிற்கும். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவரும் அந்தக் கன்னத்தின் முன்னால் நின்றுவிடுவார். உங்கள் படங்களில் அப்படி நிறுத்துகிறவை எவை என்று பாருங்கள். மற்றவை எவ்வளவு பிரியமானவையாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, கற்பனைக்குச் சாட்சி தேடுவது. ஓவியத்துக்குப் பக்கத்திலேயே பழைய குடும்பப் புகைப்படத்தை மாட்டினால், பார்வையாளர் இரண்டையும் ஒப்பிட்டு 'அச்சு அசலா இருக்கே' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். படம் அங்கேயே செத்துப்போகும். சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா தன் தாயை நினைத்து 1999-இல் செய்தது ஒன்பது மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு சிலந்தி. நூலால் சித்திரம் நெய்த பழைய சுவர்த் திரைகளைப் பழுதுபார்த்து நெய்தவர் அந்தத் தாய். சிற்பத்தில் அவருடைய முகச்சாயல் எங்கும் இல்லை. வயிற்றடியில் பளிங்கு முட்டைகளைச் சுமந்து நிற்கிறது அந்தச் சிலந்தி. நினைவிலிருந்து இவ்வளவு தூரம் விலகிப் போகலாம், தைரியமாகப் போங்கள்.

சுவர்க் குறிப்பில் முழுக் கதையையும் எழுதுவதும் இதே பயத்திலிருந்து வருவதுதான். நுழைவாயிலில் ஒரு சிறு பத்தி, ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா என்பது), அளவு. அவ்வளவு போதும். 'இந்த நீலம் என் தனிமையைக் குறிக்கிறது' என்று எழுதிவிட்டால் பார்ப்பவர் தன் நினைவைக் கொண்டுவர இடமே இருக்காது. படங்களை வயது வரிசையில் மாட்டுவதும் வேண்டாம். நினைவு அப்படி வரிசையாக வருவதில்லை.

செய்முறையில் இரண்டு விஷயம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நீர்வண்ணப் படங்கள், பழைய கடிதங்கள் மீது 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழ வேண்டாம். போன நிறம் திரும்பாது.

அப்புறம், பலரும் கடைசிவரை மறந்துபோவது: உங்கள் நினைவில் இருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்கள். அண்ணனின் குடியையோ அம்மாவின் நோயையோ வரைந்திருந்தால், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். திறப்பு விழா அன்று, ஊரார் நடுவில் நின்று அவர்கள் அதை முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது.