பினாங்குக்கு இரண்டு நாள்: சுங்கைப்பட்டாணியிலிருந்து கிளம்புமுன்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் பினாங்குதான். அவ்வளவு பக்கம். ஆனாலும் பலர் அந்த இரண்டு நாளையும் பாலத்திலும் வரிசையிலும் தொலைத்துவிட்டு, போனதைவிடக் களைத்துத் திரும்புகிறார்கள். பெரும்பாலும் கிழமையைச் சரியாகப் பார்க்காததுதான் காரணம்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமையைத் துணி துவைப்பதிலும் தூக்கத்திலும் கழித்துவிட்டுச் சனிக்கிழமை கிளம்புவதுதான் முதல் தவறு. அன்றைக்கு இங்கிருந்து போகிறவர்களும், பினாங்குக்காரர்களும், கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களும் ஒரே தீவில் குவிந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை அங்கே சாதாரண வேலை நாள். பள்ளி விடுமுறைக் காலமாக இல்லாவிட்டால், கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்குச் சனிக்கிழமை நிற்கும் வரிசையில் பாதிகூட இருக்காது. அதனால் கூட்டம் சேரும் இடங்களை வெள்ளி காலையிலேயே முடித்துவிடுங்கள். 1923-இல் தொடங்கிய ரயில் அது; உச்சி 833 மீட்டர் உயரம். மேலே முருகன் கோவிலும் உண்டு. மைகார்ட் (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) உள்ளவர்களுக்கு ஒரு கட்டணம், நமக்கு அதைவிடக் கூடுதல் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெள்ளியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஜும்மா தொழுகை நேரத்தில் நாசி கண்டார் (சோறும் குழம்புகளும் விற்கும் தமிழ் முஸ்லிம் உணவு) கடைகள் பல அடைத்திருக்கும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வண்டி நகராது. பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் மூன்று மணி வரை பொறுத்திருங்கள்.

அடுத்தது, காரைப் படகில் ஏற்றிவிடலாம் என்று நம்பி, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் துறைமுகம் வரை போய்விடுவது. பழைய படங்களில் கார் ஏறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். 2021-இலிருந்து அது இல்லை. இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களும்தான். கார் என்றால் பாலம்தான் வழி. 1985-இல் திறந்த பழைய பாலமா, 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலமா என்பது நீங்கள் தீவின் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு இரண்டாவது பாலம் சுற்று வழி. என்னைக் கேட்டால் கார் வேண்டவே வேண்டாம். சுங்கைப்பட்டாணியில் கோமுட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். டச் அண்ட் கோ எனும் முன்பணம் போட்டு வைக்கும் அட்டையில் பணம் இருக்கட்டும். படகில் உள்ளே உட்காராதீர்கள், வெளியே நில்லுங்கள். உப்புக் காற்று முகத்தில் அடிக்க, கொடிமலைக்குக் கீழே ஊர் மெல்லப் பெரிதாகிக்கொண்டு வரும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

அக்கரையில் இறங்கியதும் ராபிட் பினாங்கு பஸ் கிடைக்கும்: கொடிமலைக்கு 204, பத்து பெரிங்கி கடற்கரைக்கு 101. காசாகக் கொடுத்தால் ஓட்டுநர் சில்லறை திருப்பித் தரமாட்டார்.

இப்போது கடல். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் பத்து பெரிங்கியில் ஓடிப்போய் இறங்கிவிடுகிறார்கள். பினாங்குக் கடலில் ஜெல்லி மீன் உண்டு. பெட்டி ஜெல்லி மீன் வகை கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் முழங்கால் அளவுகூட இறங்க வேண்டாம். அப்படியும் கொட்டிவிட்டால், தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் அதனால் இன்னும் நஞ்சைப் பாய்ச்சும். வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு பாட்டில் வினிகரைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகல் மட்டும் எடுத்துப் போவதும் தவறு. குடிநுழைவுச் சோதனை எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். அசல் கையில் இருக்க வேண்டும். ஹோட்டலிலும் கேட்பார்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. இணையத்தில் பதிவு செய்யும்போது பெரும்பாலும் அது விலையில் சேர்ந்திருக்காது.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. நடுப்பகலில் ஏறாதீர்கள். 1833-இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலும் மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே கும்பிட்டுவிடுங்கள். கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டியில் பலகைப் பாதைக்கு இருபுறமும் இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் துணி காயும், சாமி மாடத்தில் ஊதுபத்தி புகையும், உள்ளே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கேமராவை அந்தப் பக்கம் நீட்டாதீர்கள்.

திரும்பும் கோமுட்டர் நேரத்தைப் பட்டர்வொர்த்தில் இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சனி இரவு கடைசி வண்டியை நம்பி உட்கார்ந்து, படகு கொஞ்சம் தாமதமாகி வண்டியை விட்டுவிட்டால், மிச்சம் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) ஒன்றுதான். ஞாயிறு காலை பினாங்குக்குத்தான் விடுமுறை, நமக்கு வேலை.